மெல்லிய கிராஷ் சிம்பல்

கிராஷ் சிம்பல் என்பது டிரம் செட்டில், பாடலின் முக்கியமான இடங்களை அழுத்திக் காட்ட அடிக்கப்படும் வெண்கலத் தட்டு ஆகும். இதன் விட்டம் பெரும்பாலும் 14 முதல் 18 அங்குலம் வரை இருக்கும். தரமான பல தட்டுகள் 80% செம்பும் 20% வெள்ளீயமும் கலந்தவை.

ஒரே விட்டமுள்ள இரு தட்டுகளில் மெல்லியது எளிதில் வளைந்து அதிரும். எனவே மென்மையாக அடித்தாலும் உடனே முழு ஒலி எழும், சுருதி தாழ்ந்திருக்கும், ரீங்காரம் விரைவில் அடங்கும். தடித்த தட்டு உயர்ந்த சுருதியில் நீண்டு ஒலிக்கும். ஆனால் அதைப் பலமாக அடிக்க வேண்டும்.

சிறிய அரங்கு, ஒலிப்பதிவுக் கூடம், ஜாஸ் இசை ஆகியவற்றுக்கு மெல்லிய தட்டு ஏற்றது. உரத்த ராக் இசையில் அதை ஓங்கி அடித்தால் ஓர் அளவுக்கு மேல் ஒலி பெருகாது. விளிம்பில் விரிசல்தான் விழும். அங்கு நடுத்தரத் தடிமனே பொருந்தும்.

தடிமனைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். ஆகவே வாங்கும்போது ஒரே விட்டமுள்ள தட்டுகளின் எடையை ஒப்பிட வேண்டும்; எடை குறைந்தது பொதுவாக மெல்லியது. மெதுவாகவும் பலமாகவும் அடித்துக் கேட்பது அவசியம். பழைய தட்டானால் விளிம்பிலும் நடுத்துளையிலும் விரிசல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சிறு விரிசலும் நாளடைவில் பரவும்.

தட்டைத் தாங்கியில் இறுக்கித் திருகாமல், அசைய இடம்விட்டு, விளிம்பில் குச்சியைச் சாய்வாக வீசி அடித்தால் மெல்லிய சிம்பலும் நெடுநாள் உழைக்கும்.