கலத்தின் தனிப் பிசிர்

உயிரியல் பயிலும் மாணவர் பிசிரை நன்கறிவர். பரமேசியம் நீரில் நீந்துவதும், நம் மூச்சுக்குழாய் தூசியை வெளியேற்றுவதும் பிசிர்களின் அசைவினாலாகும். ஆயின், அசையாது நிற்கும் பிசிரொன்றும் நம் உடற்கலங்கள் பலவற்றில் உண்டு. கலத்துக்கு ஒன்றாக அமைந்த இதனை முதற்பிசிர் என்பர். 1898 ஆம் ஆண்டிலே சிம்மர்மன் என்னும் அறிஞர் மனிதச் சிறுநீரகக் குழாய்க் கலங்களில் இதனைக் கண்டு எழுதினார். அசையாத பிசிராற் பயன் யாது எனக் கருதிய பின்வந்தோர் பலர், இதனைக் கூர்ப்பின் வெறும் எச்சமெனத் தள்ளினர்.

இப்பிசிர் உண்டாகும் முறை வியப்புக்குரியது. கலத்திலுள்ள புன்மையத்திகள் இரண்டனுள் மூத்ததே இதற்கு அடியாகின்றது. கலம் பிரிவு முடிந்து ஓய்ந்திருக்கையில், மென்சவ்வாலாகிய சிறு புடகங்கள் மூத்த புன்மையத்தியின் நுனியைச் சென்று பற்றுகின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்து, தொப்பி கவிழ்த்தாற்போல அந்நுனியை மூடும் ஒரு பெரும் புடகமாகின்றன. பின்னர்ப் புன்மையத்தியிலிருந்து ஒன்பது இரட்டை நுண்குழாய்கள் வளர்ந்து, புடகத்தின் அடிப்புறத்தை உள்நோக்கித் தள்ளுகின்றன. காற்றுத் தளர்ந்த பலூனில் விரலை அழுத்தினால், விரலைத் தொட்டு ஒரு படையும் அதற்கப்பால் மற்றொரு படையும் அமையுமன்றோ? அவ்வாறே இங்கும் உட்படை பிசிரின் மென்சவ்வாகவும், வெளிப்படை அதன் உறையாகவும் அமைகின்றன. உறை கலமென்சவ்வோடு பொருந்தித் திறக்கவே, பிசிர் வெளியே தலைநீட்டுகின்றது. இப்படிமுறைகளை 1962 இல் சொரோக்கின் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு விளக்கினார். சிறுநீரகக் குழாய்க் கலங்கள் போன்ற சிலவற்றிலோ, புன்மையத்தி நேரே கலமென்சவ்வை அடைந்து அங்கிருந்து பிசிரை வளர்க்கின்றது. கலம் மீண்டும் பிரியத் தொடங்கும்போது பிசிர் ஒடுங்கி மறையும்.

பிசிரின் மென்சவ்வு கலமென்சவ்வின் தொடர்ச்சியேயாயினும், அமைப்பில் அதனின் வேறானது. பிசிரின் அடியிலே வாயில் போன்றதொரு பகுதி நின்று, தக்க புரதங்களையே உள்ளே விடுகின்றது. அப்புரதங்கள் கலவுடலில் ஆக்கப்பட்டு, நுண்குழாய்கள் வழியே சுமந்துசெல்லப்படுகின்றன. நுனிநோக்கிச் சுமப்பது கினெசின். அடிநோக்கி மீட்பது தைனீன். இப்போக்குவரத்தை 1993 இல் றோசன்பாம் குழுவினர் கிளமிடோமோனசு என்னும் பச்சை அல்காவின் சவுக்குமுளைகளிற் கண்டனர்.

குளத்து அல்காவில் நிகழ்ந்த இவ்வாராய்ச்சி மருத்துவத்துக்கும் வழிகாட்டியது. அல்காவின் இப்போக்குவரத்துக்கு வேண்டிய பரம்பரையலகொன்றை ஒத்த அலகே, சிறுநீரகத்தில் நீர்ப்பைகள் தோன்றும் ஓரினச் சுண்டெலிகளிற் பழுதுற்றிருந்தது. அவற்றின் சிறுநீரகப் பிசிர்களும் குட்டையாயிருந்தன. இஃது 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனிதரிடத்து இத்தகைய நீர்ப்பை நோயோடு தொடர்புடைய பொலிசிசுற்றின் என்னும் புரதங்களும் பிசிரின் மென்சவ்விலே உள்ளன. முளையத்தின் நரம்புக்குழாய் ஒழுங்காக அமைவதற்கு வேண்டிய செய்தியும் பிசிர் வழியாகவே கலத்தை அடைகின்றதென 2003 இல் எலிகளில் அறியப்பட்டது. நம் விழித்திரையில் ஒளியை உணரும் பகுதியும் திரிபடைந்த ஒரு பிசிரே.

ஆகவே, எச்சமெனத் தள்ளப்பட்ட முதற்பிசிர், கலம் புறவுலகச் செய்திகளை ஏற்கும் உணர்கொம்பாக இன்று மதிக்கப்படுகின்றது. ஓர் உறுப்பின் பயன் அறியப்படாமை வேறு, அதற்குப் பயனில்லாமை வேறு என்பதை நுணுக்குக்காட்டியை நோக்கும் மாணவர் மறவாதிருத்தல் நன்று.