மண் காக்கும் விளிம்பு

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை நமக்குப் புதிதன்று. கோலாலம்பூரில் ஓராண்டில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. விளிம்பு கட்டாத பாத்தியில் இம்மழை விழும்போது, சத்து நிறைந்த மேல்மண் அரித்துச் செல்லப்படுகிறது. செடிகளின் வேர்கள் வெளியே தெரிகின்றன. அரிக்கப்பட்ட மண் வடிகாலில் படிந்து நீரோட்டத்தைத் தடுக்கிறது. அங்குத் தேங்கும் நீரில் கொசுக்கள் பெருகுகின்றன.

செக்கிஞ்சான் நெல் வயல்களில் உள்ள வரப்பு, பயிருக்காக நீரைத் தேக்கி வைக்கிறது. தோட்டப் பாத்தியின் விளிம்புக்கோ வேறு வேலை உண்டு. அது மண்ணைத் தடுத்து நிறுத்த வேண்டும். மிகுந்த நீரை வெளியேற விட வேண்டும். நீர் வடியாவிட்டால் கத்தரி, மிளகாய் போன்ற செடிகளின் வேர் அழுகிவிடும்.

விளிம்பு கட்டச் செங்கல் ஏற்றது. மரப்பலகை ஈரத்தில் உளுத்துப்போகும், கறையானும் அரிக்கும். 1881ஆம் ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் பேரழிவைச் சந்தித்தது. அதன்பின், மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியின் சுற்றளவு 8 மீட்டர். ஒரு செங்கல்லின் அகலம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். எனவே, செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்த ஏறக்குறைய 80 தேவைப்படும். வீடு புதுப்பிக்கும்போது மிஞ்சியவற்றையும் பயன்படுத்தலாம்.

முதலில், முளைகளை நட்டுக் கயிறு கட்டிப் பாத்தியின் எல்லையைக் குறிக்க வேண்டும். அதையொட்டி 15 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி வெட்ட வேண்டும். குழியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் பரப்பி, நன்கு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பிறகு, செங்கற்களை நெருக்கமாக நிறுத்தி, கயிற்றின் உயரத்திற்குச் சமன்செய்ய வேண்டும். ஒவ்வொரு செங்கல்லும் பாதியளவு மண்ணுக்குள் இருந்தால்தான் சாயாது. இறுதியாக, இருபுறமும் மண்ணிட்டு மிதித்து இறுக்க வேண்டும். சிமெண்டுச் சாந்து பூசக்கூடாது. செங்கற்களுக்கு இடையிலுள்ள மெல்லிய இடுக்குகளே நீர் வடியும் வழியாகும்.

அடுத்த பெருமழை ஓய்ந்ததும் விளிம்பைப் பாருங்கள். இடுக்குகளில் கலங்கல் நீர் வழிந்தால், உட்புறத்தில் சிறு கற்களை இட்டு நிரப்புங்கள். தெளிந்த நீர் வழிந்தால் மண் பாத்தியிலேயே தங்கிவிட்டது என்று பொருள்.