செப்டிக் டேங்க் சொல்லும் சேதி முதலில் யாருக்கு?

மஞ்சள் காமாலைக் கிருமி உடம்பில் புகுந்த அன்றே கண் மஞ்சளாகிவிடாது. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் என்றால் இரண்டு முதல் ஏழு வாரம் வரை பிடிக்கும். ஆனால் கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே அந்த ஆளின் மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் முதல் நோயாளியின் பெயர் ஏறும்போது ஓடைத் தண்ணீர் ஏற்கெனவே கெட்டிருக்கலாம். கழிவுநீரைச் சோதித்து நோயை முன்கூட்டியே அறியும் முறை இந்த இடைவெளியை வைத்துத்தான் இயங்குகிறது.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. மும்பையில் 2001-லேயே சாக்கடையில் போலியோ வைரஸைத் தேடத் தொடங்கினார்கள். 2016 ஜூனில் ஹைதராபாத் கழிவுநீரில், தடுப்பு மருந்திலிருந்து திரிந்த இரண்டாம் வகை போலியோ வைரஸ் தென்பட்டது. எந்தக் குழந்தைக்கும் கால் முடங்குவதற்குள் தடுப்பூசி முகாம்கள் நடந்தன. கொரோனா காலத்தில் அகமதாபாத், ஹைதராபாத், சென்னைக் கழிவுநீர் சோதிக்கப்பட்டது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் டைபாய்டு கிருமியையும் இப்படித் தேடியிருக்கிறார்கள்.

இவை எல்லாம் நகரங்கள். நம் கொல்லிமலை போன்ற மலைப்பகுதியில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி, விடுதிகளில் செப்டிக் டேங்க், மிச்சம் ஓடைக்குப் போகிறது. இதையே காரணம் காட்டி மலையை ஒதுக்கிவிடுவது அநியாயம். செம்மேட்டு அரசு மருத்துவமனை, பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகள், சுற்றுலா விடுதிகள் ஆகியவற்றின் தொட்டிகளில் மாதிரி எடுக்கலாமே. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கையாக விழும் அய்யாறுதான் புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. மேலே நடப்பது அங்கே குளிக்க வருகிறவர்களையும் பாதிக்கும்.

மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சமவெளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது சிரமம். பயோசென்சர் என்னும் உயிர் உணரி இங்கேதான் கைகொடுக்கும். வைரஸின் மரபணுத் துணுக்கையோ மேற்புறப் புரதத்தையோ மட்டும் அடையாளம் கண்டு பற்றும் ஒரு பொருள் அதில் இருக்கும். பற்றியவுடன் மின்சாரத்திலோ நிறத்திலோ ஏற்படும் மாற்றத்தைக் கருவி அளந்து காட்டும். ஐ.ஐ.டி. மும்பையும் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-ல் குறைந்த செலவிலான ஓர் உணரியை வெளியிட்டன. மும்பைச் சுத்திகரிப்பு நிலையக் கழிவுநீரில் கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கலந்து அதைச் சோதித்தார்கள்.

இதன் குறைகளையும் மக்களிடம் சொல்லியாக வேண்டும். கழிவுநீரில் கொழுப்பும் மண்ணும் சோப்பும் பினாயிலும் கலந்திருப்பதால் உணரி தடுமாறும். மழைக்காலத்தில் மாதிரி நீர்த்துப்போகும். கிடைத்த மரபணு செத்த வைரஸின் துணுக்காகவும் இருக்கலாம். ஆகவே கருவி ‘உண்டு’ என்றால் ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். ‘இல்லை’ என்றால், அதை நம்பித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. லட்சம் பேரின் கழிவு கலக்கும் நகரச் சாக்கடையில் தனி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வீட்டு ஊரிலோ ஒரு பள்ளி விடுதியிலோ அந்த மறைவு இல்லை. முடிவு கசிந்தால் யாருக்கு நோய் என்று விரல் நீட்டுவார்கள். இன்ன ஊரில் காமாலையாம் என்ற பேச்சு கிளம்பினால் அந்த ஊரின் மிளகும் அன்னாசியும் சந்தையில் விலை இறங்கும். வல்வில் ஓரி விழாவுக்கு ஆடி மாதம் திரளும் கூட்டத்தில் வெளியூர்க்காரர் கொண்டுவந்த கிருமிக்குக்கூட மலையாளிப் பழங்குடி மக்கள் பழி சுமக்க நேரிடும். அதனால் சிற்றூர் முடிவுகளை ஊர்ப்பெயருடன் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. அதே சமயம், அந்த ஊர்க்காரர்களிடம் மறைக்கவும் கூடாது. தாங்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய சேதி முதலில் அவர்களுக்குத்தான் வர வேண்டும்.

பழங்குடியினரிடையே ஆய்வு நடத்துவதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவான நிபந்தனைகள் வைத்திருக்கின்றன. அந்த மக்களுக்குப் பயன் தருவதாக ஆய்வு இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களையும், அவர்களின் பேச்சும் பழக்கமும் அறிந்தவர்களையும் கலந்து சம்மதம் பெற வேண்டும். மாதிரி எடுக்க யாராவது வந்தால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். எதைத் தேடுகிறார்கள், முடிவு எப்போது வரும், வந்தபின் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாதவரைத் திருப்பி அனுப்பலாம்.

மாதிரிக்காகவோ சுத்தம் செய்யவோ எவரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கவசமின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். நீண்ட கழியில் கட்டிய குவளையே மாதிரி எடுக்கப் போதும்.

விடுதிக் கழிவு ஓடையில் விடப்பட்டால் புகைப்படத்துடன் மாவட்ட ஆட்சியரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுத்தில் கொடுக்கலாம். பழங்குடியினர் புழங்கும் நீர்நிலையை வெளியார் அசுத்தப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றம்.

எச்சரிக்கை வந்தால் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். தொட்டியில் குளோரின் கலந்து, குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கிடைக்கும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். ஹெபடைடிஸ் ஈ என்றால் கடைசி மூன்று மாதத்தில் உயிருக்கே ஆபத்து.

அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் சேர்ந்த பழங்குடிப் பகுதி தமிழகத்தில் இல்லாததால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்குப் பெசா சட்டம் தரும் கூடுதல் அதிகாரம் கொல்லிமலைக்குக் கிடையாது. ஆனாலும் கிராம சபை இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் சபையில், நீர் சோதனை முடிவுகளைப் படிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். கொடுக்க மறுத்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். மனுவில் மாதிரி எடுத்த தேதி, இடம், கண்டறிந்த கிருமி, எடுத்த நடவடிக்கை ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.