2012 மாடல் கார், விலை 2 லட்சம்: வாங்கலாமா, வேண்டாமா?



திருநின்றவூர்ல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 38,000. வீட்டுச் செலவு 25,000. இதுவரை சேர்த்தது 2,60,000. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு. மாசம் நாலு தடவை ஆவடிக்கு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகணும். ஷேர் ஆட்டோவுல அப்பா காலை மடக்க முடியாம தவிக்கிறதைப் பார்க்க முடியலையாம். 2012 மாடல் பெட்ரோல் கார் ஒண்ணு 2 லட்சத்துக்கு வருது. வாங்கிடலாமான்னு கேட்கிறார்.

"கார் ஒரு தண்டச் செலவு"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. காரணம் நியாயமானது. அதனால பொறுமையா கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2 லட்சம்ங்கிறது நுழைவுச் சீட்டு மட்டும்தான்

பழைய கார் வாங்கின முதல் மாசமே செலவு வைக்கும். உத்தேசமா, நாலு டயர் 15,000, பேட்டரி 5,000, சர்வீஸ், பெல்ட், பிரேக் பேட் எல்லாம் 10,000, இன்சூரன்ஸும் பேர் மாத்துற செலவும் 10,000. மொத்தம் 40,000. ஆக, காரோட உண்மையான விலை 2,40,000. தம்பி கையில மிச்சம் 20,000.

இன்னொரு விஷயம். சொந்த உபயோக காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான் செல்லும். 2012ல பதிவான கார்னா 2027ல புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து அந்தக் கட்டணம் 600ல இருந்து 5,000 ரூபாய் ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி வண்டி எஃப்.சி. பாஸ் ஆகணும். பெயிண்ட், டிங்கரிங் வேலைன்னு அங்கேயும் காசு போகும்.

மாசக் கணக்கு

ஆபீஸுக்கு வழக்கம்போல மின்சார ரயில்லயே போறார்னு வச்சுக்கலாம். சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். கார் மாசம் 300 கிலோமீட்டர் ஓடினா பெட்ரோல் 2,100. ரிப்பேருக்கு ஒதுக்க 2,000. இன்சூரன்ஸ், ஆர்.சி., அடுத்த டயருக்கு மாசம் 900. மொத்தம் 5,000.

ஆபீஸுக்கும் கார்லயே போக ஆரம்பிச்சா பெட்ரோலுக்கு மட்டும் இன்னும் 4,700 கூடும். "இருக்கிற காரை ஏன் சும்மா நிறுத்தணும்"னு நிச்சயமா தோணும், ஜாக்கிரதை.

இப்போ மறுபக்கம். நாலு தடவை கால் டாக்ஸி, போக வர 700 ரூபாய்னா 2,800. வித்தியாசம் மாசம் 2,200. அப்பாவோட சௌகரியத்துக்கு 2,200 ரூபாய் அதிகமா? இல்லவே இல்லை. இங்கே பிரச்சினை மாசச் செலவு கிடையாது, கையில மிஞ்சுற அந்த 20,000 ரூபாய்தான். ராத்திரி 2 மணிக்கு அவசரம்னா 108 வந்துடும். ஆனா ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டச் சொன்னா, வாசல்ல நிக்கிற காரைக் காட்ட முடியாது.

முதல்ல மனசுல வாங்குங்க

கோயில் கட்டக் காசு இல்லாம, கல்லு கல்லா மனசுக்குள்ளயே கட்டி முடிச்ச பூசலார் நாயனார் திருநின்றவூர்க்காரர்தான். இருதயாலீசுவரர் கோயில் அந்த ஊர் மக்களுக்குத் தெரியாததா! தம்பியும் முதல்ல காரை மனசுல வாங்கட்டும்.

சம்பளம் வந்ததும் 5,000 ரூபாயைத் தனி அக்கவுண்ட்ல போடணும். டாக்ஸிக்கு அதுல இருந்தே கொடுக்கணும். மீதி 2,200. வீட்டுச் செலவு, இந்த 5,000 போக சம்பளத்துல மிஞ்சுற 8,000த்தையும் சேர்த்தா மாசம் 10,200. ஆறு மாசத்துல 61,000. அதுக்கப்புறம் இதே மாதிரி கார் வாங்கினாலும், மூணு மாச வீட்டுச் செலவான 75,000த்துக்கு மேல கையில இருக்கும்.

நடுவுல மூணாவது மாசமே 5,000 ஒதுக்க முடியாம திணறினா, கார் இல்லாமலேயே பதில் தெரிஞ்சுடும். இன்னொண்ணு, ஆறு மாசத்துல அப்பா நல்லா நடக்க ஆரம்பிச்சிருக்கலாம். அப்போ கார் தேவையாங்கிற கேள்வியே மாறிடும்.

"அதுக்குள்ள இந்த வண்டி வேற யாருக்காவது போயிடுமே?" போகட்டும். பழைய காருக்குப் பஞ்சமே கிடையாது.

வாங்குறதுன்னு முடிவானா

- உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. விக்கிறவர் சொல்ற மெக்கானிக் வேண்டாம்.
- எம்பரிவாஹன் ஆப்ல பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், சலான் பாருங்க. லோன்ல வாங்கின வண்டின்னா பேங்க் என்.ஓ.சி. கையில வாங்காம பணம் கொடுக்காதீங்க.
- 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல மூழ்கின வண்டிகள் ஞாபகம் இருக்கட்டும். சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, சேறு படிஞ்ச கோடு தெரியும். கார்ப்பெட்டைத் தூக்கித் துருவைத் தேடுங்க.
- ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி, உடனே பேர் மாத்துங்க. இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த 14 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும்.

தம்பிக்கு என் பதில்: இன்னிக்கு வேண்டாம். அதுக்காக அப்பாவை ஷேர் ஆட்டோவுலயும் ஏத்த வேண்டாம். அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்கே கால் டாக்ஸி புக் பண்ணுங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி கணக்குப் போடலாம்.

உங்க வீட்டு கார் மாசம் எவ்வளவு இழுக்குது? கமெண்ட்ல சொல்லுங்க.