வாயில்லா அடைக்கலம்

‘நாய்’ என்பது ஒரு பெயர்ச்சொல். உலக வழக்கிலே அது பெரும்பாலும் வசைச்சொல்லாகவே நிற்கின்றது. ஒருவரை இழித்துரைக்க நேருமிடத்து நம்மவர் நாவிலே முதலில் எழுவது அந்தப் பெயர்தான். இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நினைந்த மணிவாசகப் பெருமானும் நாயினுங் கீழாகவே தம்மைச் சொல்லிக்கொண்டார்.

இதுகொண்டு சான்றோர் நாயை எள்ளினர் என முடித்தல் பொருந்தாது. நாலடியார், நட்பாராய்தலிலே யானையையும் நாயையும் அருகருகே நிறுத்தி எடைபோடுகின்றது. நெடுநாட் பழகிய பாகனையும் யானை கொன்றுவிடுதல் உண்டு. நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பிலே தைத்து நிற்கவும் அவனைக் கண்டு வாலைக் குழைக்கும். ஆதலின், யானை போல்வாரை விலக்கி நாய் போல்வாரை நட்பாக்கிக் கொள்க என்பது அந்நூல் கூறும் முடிபு.

இச்செய்யுளை இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பிலே சொல்லிக் கொடுத்து வருகின்றேன். பதவுரை சொல்வேன்; பொழிப்புரை சொல்வேன்; உவமையை விரிப்பேன். அதனை எனக்கு விளக்கிக் காட்டியது சென்ற மார்கழியில் வீதியோரத்திற் கிடந்த ஒரு பெட்டை நாய்.

வீதியிலே

திருவெம்பாவைக் காலம். கோயிற் பூசை முடிந்து, விடிந்தும் விடியாத பொழுதிலே, பருத்தித்துறை வீதியால் நீர்வேலிப் பக்கமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வீதியோரத்து வாய்க்காலருகே நாலைந்து பேர் நின்றனர். வாகனம் ஒன்று மோதிவிட்டு நிற்காமற் போயிருக்கின்றது. செந்நிற நாய் ஒன்று. பின்னங்காலொன்று முழங்காலுக்குக் கீழே நசுங்கித் தொங்கியது. எழ முயல்வதும் விழுவதுமாய் இருந்தது.

“ஐயா, கிட்டப் போகாதையுங்கோ. கடிச்சுப்போடும்” என்றார் ஒருவர்.

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. சைக்கிளில் ஏறினேன். ஒரு நூறு யார் தூரம் போயிருப்பேன். அதற்குமேற் போக முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது யாமும் பெயர்ந்தோம். எனக்கு அப்பொழுது இருபத்தைந்து வயது. எம் வீட்டு நாய், சைக்கிளுக்குப் பின்னே ஓடி வந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய சனவெள்ளத்தினுள் அதனைக் கொண்டுசெல்ல வழியில்லை. “வீட்டை போ!” என்று அதட்டினேன். போகவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். கல் அதன் விலாவிலே பட்டது. அது சற்றுப் பின்வாங்கி, வாலைக் குழைத்துக்கொண்டு நின்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீடு இருந்தது, நாய் இல்லை. இதனை யான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

சைக்கிளைத் திருப்பினேன்.

சால்வையை எடுத்து நாயின் மேற் போர்த்துத் தூக்கப் போனேன். முன்கையிலே ஆழக் கடித்துவிட்டது. நோயுற்ற நாயைத் தூக்கவும் ஒரு முறை உண்டென்பது பின்னர் வைத்தியர் சொல்லித்தான் தெரிந்தது. சாந்தமாக வளர்ந்த நாயும் வேதனை மிகுந்தபோது கடிக்கும். ஆதலின், அது வாந்தியெடுக்காமலும் மூச்சுக்குத் திணறாமலும் இருக்குமாயின், மெல்லிய துணியால் வாயைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிட்டே தொடவேண்டும். முதுகு வளையாதபடி பலகையொன்றின்மேல் நகர்த்தி எடுக்கவேண்டும். யான் செய்தது இரண்டுமன்று.

எட்டி நின்ற முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் ஒன்றும் பேசாமல் உரப்பையொன்றை விரித்துக் கொடுத்தார். வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் நாயைப் பார்க்கு முன்னர் என் கையைப் பார்த்தார். “ஐயா, முதலிலை குழாயடிக்குப் போங்கோ” என்றார். சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுவித்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

நீர்வெறுப்பு நோய் விளையாட்டன்று. குறிகள் தோன்றியபின் அதிலிருந்து பிழைத்தல் அரிதினும் அரிது. 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 377 பேர் அந்நோயால் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியிருப்பது, நாய்களுக்கும் கடிபட்டோருக்கும் இடப்படும் தடுப்பூசியின் பயன். இரக்கம் நல்லது. ஊசி போடாத இரக்கம் ஆபத்து.

அடைக்கலம்

மாலையிலே திரும்பிப் போனேன். “முள்ளந்தண்டு முறியவில்லை, சிறுநீர் தடையில்லாமற் போகுது. கால் இனி உதவாது. அதை எடுத்துவிட்டால் உயிர் தங்கும்” என்றார் வைத்தியர். மூன்று காலோடு ஒரு பிராணி எவ்வாறு வாழும் என்று கேட்டேன். நாயின் பாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஆதலின், பின்னங்காலொன்றை இழந்த நாய் சில கிழமைகளில் நடைபழகிவிடும் என்றார். பின்பு, “ஆறு கிழமைக்கு ஆராவது வைச்சிருக்க வேணும். தேறின பிறகு வீடு பார்க்கலாம்” என்று சொல்லி என்னையே பார்த்தார்.

“வளர்க்க எனக்கு வசதியில்லை. வைத்திருக்கிறேன்” என்றேன்.

வளர்த்தல் வேறு, வைத்திருத்தல் வேறு. முன்னது உரிமை பற்றியது. பின்னதற்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் அடைக்கலம். பிறர்பொருட்டு ஏற்றுக்கொண்டு, கேடின்றிக் காத்து, உரியவிடத்து ஒப்படைக்கும் பொருள் அது. மதுரைப் புறஞ்சேரியிலே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடத்து ஒப்புவித்ததைச் சிலப்பதிகாரம் அடைக்கலக் காதை என்றே பெயரிட்டுப் பேசுகின்றது. மாதரி கண்ணகிக்குத் தாயுமல்லள், உறவுமல்லள். ஆயினும், அடைக்கலம் இழந்த துயர் பொறாது அவள் தீயிற் புகுந்தாள் என்று பின்னர் மாடலன் வாயிலாக அறிகின்றோம். தனக்கு உரிமையில்லாத ஓருயிருக்குத் தான் முழுப் பொறுப்பாதல்: அடைக்கலத்தின் இலக்கணம் இதுவே.

பதினான்கு நாள்

பசுவை விற்றபின் வெறுமையாய்க் கிடந்த மாட்டுக்கொட்டிலிலே சாக்கு விரித்துத் தனியே கட்டினேன். கடித்த நாயைப் பதினான்கு நாள் கட்டிவைத்துப் பார்க்கவேண்டும். அத்தனை நாளும் அது நலமாயிருக்குமாயின், கடித்தபொழுது அதன் உமிழ்நீரில் நோய் இருந்ததில்லை என்பது துணிபு. அதற்கிடையில் எனக்கு ஊசிகள் நடந்தன. என் மகளைக் கொட்டிற் பக்கம் போகவேண்டாமெனத் தடுத்திருந்தேன். இரவிலே விளக்கொடு போய் அது நீர் குடிக்கின்றதா என்று பார்ப்பேன். அதன் நலத்தைப் பார்த்தேனோ, என் நலத்தைப் பார்த்தேனோ, சொல்லத் தெரியவில்லை.

மூன்று நாள் அது ஒன்றும் உண்ணவில்லை. வேதனை தணியட்டுமென்று வீட்டிலிருந்த நோவு மாத்திரையைக் கஞ்சியிற் கரைக்கப் போனேன். நல்லவேளையாக வைத்தியரைக் கேட்டுவிட்டேன். நமக்கு மருந்தாகும் மாத்திரைகளிற் சில நாய்க்கு நஞ்சு. வைத்தியர் அளந்து கொடுப்பதன்றி வேறொன்றும் கொடுத்தலாகாது. தையலிட்ட இடத்தை நக்கிப் பிரித்துவிடாதபடி, பழைய வாளியொன்றின் அடியை வெட்டிக் கழுத்திலே மாட்டினோம். புண்ணிலே இலையான் மொய்த்தாற் புழு வைக்கும் என்பதால் நாளுக்கு இருமுறை சாக்கை மாற்றினோம்.

எம்முடையது மரக்கறிச் சமையல். அடுத்த வீட்டு ஆச்சி முதல்நாளே வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “பண்டிதருக்கு வேறை வேலை இல்லையோ? தெருநாயைக் கொண்டந்து வைச்சிருக்கிறியள்” என்று கடிந்தவர். நான்காம் நாள் அவரே சிரட்டையிலே மீன்தலையும் சோறும் பிசைந்து கொண்டுவந்தார். “சைவக்காரற்றை பருப்பிலை இது எப்பிடித் தேறும்?” என்றார். முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்திருந்தார். அன்றிரவு, ஒருவரும் பாராத நேரத்திலே, சிரட்டை வெறுமையாயிற்று.

மனிதருக்கு அஞ்சிய நாயை நேரே உற்றுப் பார்த்தலும், குனிந்து கைநீட்டுதலும் அதன் அச்சத்தை வளர்க்கும். ஆகையால், தினமும் மாலையிலே கொட்டில் வாயிலில் அதற்கு முதுகுகாட்டி அமர்ந்து, அடுத்த தவணைக்குரிய சிலப்பதிகாரப் பாடத்தை வாய்விட்டுப் படிப்பேன். என் குரலுக்கு அது பழகிற்று. என் பாடத்தை இறுதிவரை உறங்காது கேட்ட மாணாக்கர் எண்ணிக்கையில் அதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதினான்காம் நாட் காலை, சமையலறையிலிருந்து என் மனைவி கூவினாள்: “இஞ்சை வந்து பாருங்கோ, எழும்பி நிக்கிறாள்!”

மூன்று காலிலே நின்றுகொண்டிருந்தது. என் செவியிலோ அந்த ‘நிக்கிறாள்’ என்ற சொல் நின்றது. அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழு. ஆயின் நன்னூலார், உவப்பு மிகுந்தவிடத்து அவ்வாறு திணை மயங்குதலை அமைத்துக்கொள்கின்றார். பசு வரக்கண்டு தாய் வந்தாள் என மகிழ்பவனை உரைகாரர் உதாரணங் காட்டுவர். இலக்கணம் படியாத என் மனைவி பிழையறச் சொல்லிவிட்டாள், திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

ஒப்படைப்பு

உடம்பு தேறியதும் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்தோம். 2006 ஆம் ஆண்டிலே தெருநாய்களைக் கொன்றொழிக்கும் வழக்கம் இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. கொல்லாமை நமக்கு உவப்பான அறமே. ஆயின், கொல்லாமல் விட்டதோடு கடமை முடிந்ததென்று இருந்தால், குட்டிகள் பெருகி, வீதியிலே நசுங்கிச் சாவதற்கே பிறக்கும். கருத்தடையும் ஊசியும் கொல்லாமையின் மற்றப் பாதி.

புத்தூரிலே தோட்டஞ் செய்யும் முதியவர் ஒருவர் நாயொன்று வேண்டுமென்று வைத்தியரிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டிலே தனிமை. மூன்று காலென்பதைச் சொன்னோம். “எனக்கும் முழங்கால் ஒண்டு சரியில்லை” என்றார். உடனே கொடுத்துவிடவில்லை. மூன்று ஞாயிறு வந்து, கொட்டில் வாயிலிலே அமர்ந்து, தம் கையால் உணவு வைத்தார். மூன்றாம் ஞாயிறு அவர் காலடி கேட்டதும் அது எழுந்து நின்றது.

“பேர் என்ன?” என்றார். யாம் பெயரிடவில்லை. பெயரிட்டால் உரிமை வந்துவிடும் என்று அஞ்சியிருந்தோம். “அப்ப லச்சுமி எண்டு கூப்பிடுறன். முந்தி என்ரை மாட்டுக்கும் அதுதான் பேர்” என்றார்.

அந்த இரவு, “வைச்சிருந்தால் என்ன?” என்று மனைவி கேட்டாள். என் மனத்திலும் அதே கேள்விதான். மகள் விடையை எதிர்பார்த்து வாயிலில் நின்றாள். இருப்பது ஒரு கொட்டில். அங்கே இது நிலையாக நின்றுவிட்டால் நாளை வீதியிற் கிடக்கும் மற்றொன்றுக்கு இடமில்லை. அந்த முதியவருக்கும் அந்தத் துணை இல்லை. அடைக்கலப் பொருளின்மேல் அன்பு வைத்தல் குற்றமன்று. அன்பைக் காரணமாகக் காட்டி அதனை நம்முடையதாக்கிக் கொள்ளுதல் குற்றம். இதனை மகளுக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் பாடஞ் சொல்லும் குரலாக இருக்கவில்லை.

மாசி மாதத்திலே முச்சக்கர வண்டியொன்றிற் கொண்டுபோய் விட்டுவந்தோம். சங்கிலியை முதியவர் கையிற் கொடுத்தேன். லச்சுமி ஒருமுறை என்னைப் பார்த்து வாலைக் குழைத்தாள். பின்பு தோட்டத்துக்குள்ளே போய்விட்டாள். 1995 இற் பட்ட கடன் இதனால் தீர்ந்ததென்று சொல்லேன். அந்தக் கல் எறிந்தபடியே இருக்கின்றது.

பாடசாலை தொடங்கி, அந்த நாலடியார்ச் செய்யுள் மீண்டும் வந்தது. வழக்கம்போலப் பதவுரை சொன்னேன். இம்முறை என் வீட்டு நாயின் கதையையும், கல்லையும், லச்சுமியையும் சேர்த்துச் சொன்னேன். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, வேல் எறிஞ்சவன் பிறகு வந்து அதைப் பிடுங்கிவிட்டவனோ?”

செய்யுளிலே அதற்கு விடை இல்லை என்றேன். எழுதாமல் விட்ட அந்த அடி நம்முடையது என்றும் சொன்னேன்.

கொட்டிலிலே சாக்கு விரித்தபடியே கிடக்கின்றது.