மணி அடித்தும் எழாத விடுதிகள்

ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வைக்கோல் போர் பற்றிக்கொண்டால் போதும். “தீ, தீ” என்ற கூச்சல் கேட்டதும் தெருவே குடமும் வாளியுமாகத் திரண்டுவிடும். அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் திருச்சியிலோ சென்னையிலோ விடுதியில் சேர்கிறது. அங்கே நள்ளிரவில் தீ எச்சரிக்கை மணி அலறினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறது. “எவனாவது நூடுல்ஸைக் கருக விட்டிருப்பான், படுடா” என்கிறான் அறைத்தோழன்.

ஊர்க் கூச்சல் பொய்ப்பதில்லை. விடுதி மணி அடிக்கடி பொய்க்கிறது.

கூரையில் இருக்கும் புகையுணர் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஒளிக்கற்றை ஒன்று இருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறும், மணி அடிக்கும். தூசியோ சிறு பூச்சியோ வெந்நீர் ஆவியோ புகுந்தாலும் அடிக்கும். சுவரில் உள்ள சிவப்புப் பெட்டியை விளையாட்டுக்கு அழுத்துகிறவர்களும் உண்டு. காவலாளி வந்து மணியை நிறுத்துவார். ஏன் அடித்தது என்று மறுநாள் யாரும் சொல்வதில்லை. நாலு முறை இப்படி நடந்தால் ஐந்தாவது முறை யார் எழுந்திருப்பார்கள்?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதுதான். 2000 ஜனவரி 19, விடியற்காலை நாலரை மணி. முதலாண்டு மாணவர்கள் தங்கியிருந்த போலண்ட் ஹால் விடுதியின் மூன்றாம் மாடியில் தீப்பிடித்தது. அதற்கு முந்தைய சில மாதங்களில் மட்டும் அங்கே 18 முறை பொய் மணி அடித்திருந்தது. அதனால் இதையும் பொய் என்று நினைத்துப் பலர் படுக்கையிலேயே இருந்துவிட்டார்கள். மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கட்டடத்தில் தானியங்கி நீர்த்தெளிப்பான் கிடையாது. அதே ஆண்டில் நியூஜெர்சி மாநிலம், எல்லா மாணவர் விடுதிகளிலும் அதைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

நம் நாட்டிலோ மணியே இல்லாமல் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். 2019 மே 24 அன்று சூரத்தில், தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாத கட்டடத்தில் இயங்கிய பயிற்சி மையத்தில் 22 பேர் இறந்தார்கள். மாடியிலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத சில நிமிடங்களைத்தான் விடுதி மணி நமக்குத் தருகிறது.

தீயைவிடப் புகைதான் முந்திக்கொள்ளும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது. ‘புகை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற கணக்கு அதனால்தான் தப்பு.

விடுதிக் காப்பாளர்களே, ஒவ்வொரு முறை மணி அடித்த பிறகும் காரணத்தை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கோளாறான கருவியை அன்றே சரிசெய்யுங்கள். தீத்தடுப்பு ஒத்திகையை ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளோடு நிறுத்திவிடாமல், ஒருமுறையாவது இரவில் நடத்துங்கள்.

மாணவர்களே, மணி அடித்தால் மின்தூக்கியைத் தொடாமல் படிக்கட்டில் இறங்குங்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். வெளியே வந்ததும் 101க்கு அழையுங்கள்.