பூந்தமல்லி சாலையில் கனடாப் பிள்ளைகள்

போன வாரம் இரண்டாம் உலகப்போர்க் கால ஆவடியின் ராணுவக் கிடங்குகளோடு நிறுத்தியிருந்தோம். அந்தப் போரில் மாண்டவர்களில் பலரை நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிறோம். பூந்தமல்லியிலிருந்து கிண்டிக்குப் போகிற வழியில், போரூரைத் தாண்டி நந்தம்பாக்கத்தில் சாலையை ஒட்டியே இருக்கிறது மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம்.

இரண்டாம் உலகப்போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் இங்கே இருக்கிறார்கள். தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர் இடுகாடுகளில், பராமரிக்க ஆளில்லாமல் போகும் நிலையில் இருந்தவர்களை 1952-ல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களில் கனடா விமானப்படைப் பிள்ளைகளும் உண்டு.

கனடாவிலிருந்து இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள்? 1939 டிசம்பரில் போட்ட ஒப்பந்தப்படி, காமன்வெல்த் நாடுகளின் விமானப்படையினருக்குக் கனடாவில் பயிற்சி தரப்பட்டது. தேறிய 1,31,000க்கும் மேற்பட்டோரில் பாதிக்கு மேல் கனடாக்காரர்கள். பலரை பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் சேர்த்து பர்மா, இந்தியா, இலங்கை என்று அனுப்பினார்கள். நம் அம்பத்தூருக்கு அருகே செங்குன்றம் ஏரியில் அப்போது கேட்டலினா கடல்விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன.

அப்படியொரு கேட்டலினாதான், 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பி, ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டுபிடித்தது. கனடாவின் 413ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தது. லியனார்ட் பர்ச்சால் தலைமையில் ஒன்பது பேர். கொழும்புக்குத் தந்தி அடித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். மூன்று பேர் பிழைக்கவில்லை. மற்றவர்கள் போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதிகள். ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சில நாட்களில் சென்னையே காலியானது. ஊரைவிட்டு ஓடிய கதை இன்னும் பல குடும்பங்களில் பேசப்படுகிறது.

கல்லறைக்கு வருவோம். கல்லில் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி இருக்கும். வயதை வீட்டார் எழுதி அனுப்பியிருந்தால்தான் பொறிப்பார்கள். இருபதையொட்டிய அந்த வயதுகளைப் படித்துக்கொண்டே நடப்பது எளிதல்ல. கல்லின் அடியில், குடும்பத்தார் விரும்பியிருந்தால், அவர்களே எழுதிக்கொடுத்த ஒரு வரி. உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் அப்போது இல்லை. பெற்றவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

வெள்ளைக்கார ஆட்சிக்காகச் செத்தவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதே போரில் இந்தியப் படையினர் சுமார் 87,000 பேர் உயிரிழந்தார்கள். இத்தாலியிலும் வட ஆப்பிரிக்காவிலும் அவர்கள் கல்லறையைச் சுற்றி அந்த ஊர்க்காரர்கள்தானே புல் வெட்டுகிறார்கள்! இங்கே கிடக்கும் பிள்ளைகளுக்கு நாம்தான் ஊர்க்காரர்கள்.

போரில் இறந்த தன் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் கனடா அரசு இணையத்தில் தனிப் பக்கம் வைத்திருக்கிறது. பொதுமக்களும் படம் அனுப்பலாம். கல்லறைத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளைகளோடு போங்கள். ஒரு கனடாப் பையனின் கல்லைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பிவையுங்கள்.

(தொடரும்)